அதே பெயரில் நாற்பது பேர்: இங்கிலாந்துக் கணக்கெடுப்பு ஏடுகளில் முன்னோரைத் தேடுவது

கேள்வி: அம்மா வழியில் என் கொள்ளுத்தாத்தாவின் அப்பா இங்கிலாந்திலிருந்து பெரம்பூர் ரயில்வே பட்டறைக்கு வந்தவர். பெயர் தெரியும். லங்காஷயர் என்ற ஒரு சொல் தெரியும். 1880களில் சென்னையில் கல்யாணம் நடந்ததாகச் சொல்வார்கள். பழைய பிரிட்டிஷ் சென்சஸில் தேடினால் அதே பெயரில் நாற்பது பேர் வருகிறார்கள். இதில் எங்களவர் யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்:

நாற்பது பேர் வருவது கெடுதல் இல்லை. ஒரே ஒருவர் வந்திருந்தால் அவரையே பாட்டனார் என்று எழுதி மூடியிருப்பீர்கள். இணையத்தில் உலவும் வம்ச மரங்களில் பல அப்படி நட்டவைதான். கணக்கெடுப்பு ஏடு ஆளைப் பிடித்துத் தருவதைவிட, ஆள் அல்லாதவர்களைக் கழித்துத் தருவதில் கெட்டி. ஆனால் கழிப்பதற்குப் பெயர் மட்டும் போதாது, ஒரு வீடு வேண்டும்: அப்பா, அம்மா, கூடப் பிறந்தவர்கள், அவர்களுக்குள் வயது இடைவெளி. பெயர் நாற்பது பேருக்குப் பொருந்தும், வீடு பொருந்தாது.

அந்த வீட்டின் முதல் துப்பு வடமேற்கு இங்கிலாந்தின் லங்காஷயரில் இல்லை, சென்னையில் இருக்கிறது. அதற்காக இந்தியாவின் சென்சஸைத் தேடிப் போகாதீர்கள். 1871-72 முதல் இங்கும் எண்ணினார்கள். வீடுவீடாக எழுதிய தாள்களைத் தொகுப்பு முடிந்ததும் அழித்துவிட்டார்கள். மிஞ்சியவை மொத்தக் கணக்குகளும் அறிக்கைகளும்தான். 1948ஆம் ஆண்டு இந்தியக் கணக்கெடுப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவும் தனிநபர் பதிவுகளைப் பார்வைக்குத் திறப்பதில்லை. உங்களுக்கு வேண்டியது கல்யாணப் பதிவு. சென்னை மாகாணத் தேவாலயங்களில் நடந்த ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றின் நகல்கள் லண்டனுக்குப் போயின. இன்று அவை பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் ‘என்/2’ என்ற வரிசை (வங்காளத்துக்கு என்/1, பம்பாய்க்கு என்/3). படங்கள் ஃபைன்ட்மைபாஸ்ட் தளத்தில் உண்டு. ஃபிபிஸ் என்று சுருக்கமாக அழைக்கப்படும் பிரிட்டிஷ் இந்தியக் குடும்பங்கள் சங்கத்தின் அட்டவணையைக் காசில்லாமல் தேடலாம். கத்தோலிக்கக் குடும்பமாக இருந்தால் நகல் லண்டனுக்குப் போகாமலே விட்டிருக்க வாய்ப்பு உண்டு. அப்போது கல்யாணம் நடந்த கோவிலின் மூலப் பதிவேட்டைத்தான் கேட்டுப் பார்க்க வேண்டும்.

அந்தப் பதிவில் மாப்பிள்ளையின் வயது, தொழில், அப்பா பெயர் மூன்றும் இருக்கும். அப்பா பெயர் கிடைத்த அன்றே நாற்பது பேர் நாலைந்தாகச் சுருங்குவார்கள். சில பதிவுகளில் வயதுக்குப் பதிலாக ‘முழு வயது’ என்று மட்டும் இருக்கும். இருபத்தொன்று முடிந்தவர் என்பதைத் தவிர அதற்கு வேறு பொருள் இல்லை. அதை வைத்து ஆண்டைக் கணக்கிடாதீர்கள்.

ஓர் உதாரணத்தோடு போவோம். உங்களவர் பெயர் வில்லியம் டெய்லர், அப்பா ஜேம்ஸ் டெய்லர், 1884 பிப்ரவரியில் கல்யாணம், வயது 26, தொழில் பாய்லர் செய்பவர் என்று வைத்துக்கொள்வோம். அவர் 1857 பிப்ரவரிக்கும் 1858 பிப்ரவரிக்கும் இடையில் பிறந்தவர். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பத்தாண்டுக்கு ஒருமுறை, ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு யார் எந்த வீட்டில் தங்கினார்களோ அந்த வீட்டில் வைத்து எண்ணினார்கள். அந்த இரவுகள்: 1841 ஜூன் 6, 1851 மார்ச் 30, 1861 ஏப்ரல் 7, 1871 ஏப்ரல் 2, 1881 ஏப்ரல் 3, 1891 ஏப்ரல் 5, 1901 மார்ச் 31, 1911 ஏப்ரல் 2, 1921 ஜூன் 19. ஆகவே வில்லியம் 1861இல் 3 அல்லது 4 வயதுக் குழந்தை, 1871இல் 13 அல்லது 14, 1881இல் 23 அல்லது 24. மூன்று ஏடுகளிலும் ஜேம்ஸ் என்ற அப்பாவோடு இருக்கக்கூடிய வில்லியம்களை ஒரு தாளில் வரிசையாக எழுதுங்கள். ஒவ்வொருவருக்கும் அம்மா பெயர், அண்ணன் தம்பி அக்கா தங்கை பெயர்கள், பிறந்த ஊர், தெரு ஆகியவற்றையும் சேர்த்து எழுதுங்கள்.

அதன் பிறகு அடுத்தடுத்த ஏடுகளை வைத்து அடியுங்கள். 1891 ஏப்ரல் 5 இரவு லங்காஷயரில் உள்ளூர் மனைவியோடும் அங்கேயே பிறந்த குழந்தைகளோடும் இருக்கும் வில்லியம் உங்களவர் அல்ல, அடித்துவிடலாம். 1861இல் இருந்து 1871இல் காணாமல் போன வில்லியத்தை மரணப் பதிவுகளில் பாருங்கள். அந்தக் காலத்தில் ஐந்து வயதுக்குள் இறந்த குழந்தைகள் ஏராளம். அதே அம்மா அடுத்த மகனுக்கும் வில்லியம் என்றே பெயர் வைப்பாள். இங்கிலாந்தின் பிறப்பு, இறப்புகளுக்கான பொதுப் பதிவாளர் அலுவலகத்தின் இணைய அட்டவணையில் இறந்தவரின் வயது 1837 முதலே இருக்கிறது, இலவசமாகப் பதிந்துகொண்டு தேடலாம். கடைசியில் எந்த வில்லியத்துக்கு 1871க்கோ 1881க்கோ பின் இங்கிலாந்தில் தடமே இல்லையோ, அவர்தான் கப்பலேறியவராக இருக்க வாய்ப்பு. இந்த வேலையில் இல்லாமையும் ஒரு சாட்சி. ஒரு விதிவிலக்கை மனதில் வையுங்கள்: விடுப்பில் ஊருக்கு வந்த குடும்பமும் அந்த ஞாயிற்றுக்கிழமை எண்ணப்பட்டிருக்கும். அப்படியானால் குழந்தைகள் பிறந்த இடத்தில் ‘மெட்ராஸ்’, ‘இந்தியா’ அல்லது ‘கிழக்கிந்தியா’ என்று இருக்கும், பக்கத்தில் ‘பிரிட்டிஷ் பிரஜை’ என்ற குறிப்பும் வரலாம். அது உங்களுக்கு அடித்த யோகம்.

அம்மாவின் கன்னிப்பெயர் கணக்கெடுப்பில் வராது. அதற்கு மேலே சொன்ன பதிவாளர் அட்டவணையின் பிறப்புப் பக்கம் உதவும். குடிமைப் பதிவு 1837 ஜூலை 1இல் தொடங்கியது. அந்த அட்டவணையில் தாயின் பிறந்தவீட்டுப் பெயர் ஆரம்பம் முதலே இருக்கிறது. ஃப்ரீபிஎம்டி என்ற இலவசத் தளத்தில் இருப்பது பழைய காலாண்டு அட்டவணை, அதில் தாயின் பெயர் 1911 செப்டம்பர் காலாண்டில்தான் வரத் தொடங்குகிறது. கணக்கெடுப்பில் கிடைத்த ஐந்தாறு குழந்தைகளின் பிறப்புகளையும் அதே மாவட்டத்தில் தேடுங்கள். எல்லாருக்கும் ஒரே கன்னிப்பெயர் வந்தால் வீடு உறுதி. மூத்த இருவருக்கு வேறு பெயர் வந்தால் ஜேம்ஸ் இரண்டு தாரம் கட்டியவர். பிறப்பைப் பதிய 42 நாள் அவகாசம் உண்டு. ஆகவே மார்ச் காலாண்டில் (ஜனவரி முதல் மார்ச் வரை) பதிவானவர் முந்தைய டிசம்பரில் பிறந்தவராகவும் இருக்கலாம்.

இனி, ஏட்டில் எழுதியிருப்பதை எவ்வளவு நம்புவது என்பது. இங்கேதான் அதிகம் வழுக்குகிறது.

நீங்கள் பார்க்கும் 1841 முதல் 1901 வரையிலான பக்கங்கள் வீட்டார் எழுதியவை அல்ல. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு படிவம் கொடுத்து, மறுநாள் கணக்கெடுப்பாளர் வாங்கிப் போய்த் தன் புத்தகத்தில் நகல் எடுத்தார். படிவங்கள் அழிந்தன, புத்தகங்கள் நின்றன. எழுதத் தெரியாத வீடுகளில் வாசலில் நின்று கேட்டு எழுதியதும் அவர்தான். ஐரிஷ் உச்சரிப்பில் சொன்ன பெயரை லங்காஷயர்க்காரர் தன் காதுக்கு எட்டியபடி எழுதுவார். பிறகு லண்டனில் எழுத்தர்கள் எண்ணும்போது வயதின்மேல் சாய்கோடு போட்டு அடையாளம் வைத்தார்கள், அந்தக் கோடு 1ஐ 7ஆகவும் 3ஐ 8ஆகவும் காட்டும். நம் காலத்தில் அந்தப் படத்தைப் பார்த்து ஒருவர் தட்டச்சு செய்ததைத்தான் தேடுபொறி தேடுகிறது. இத்தனை கை மாறியது. அதனால் தட்டச்சான வரியை மட்டும் பார்த்து எதையும் முடிவு செய்யாதீர்கள். படத்தைத் திறந்து, அந்தப் பக்கம் முழுவதையும் முன்னும் பின்னும் ஒரு பக்கத்தையும் பாருங்கள். பக்கம் முடிந்து அடுத்த பக்கத்தில் குடும்பம் தொடர்வது மிகச் சாதாரணம்; தேடலில் வந்த பக்கத்தோடு நின்றால் கடைசி மூன்று குழந்தைகள் போய்விடுவார்கள்.

வயது. 1841இல் பதினைந்துக்கு மேற்பட்டவர்களின் வயதைக் கீழ்நோக்கி ஐந்தின் மடங்காக்கச் சொல்லியிருந்தார்கள். ஏட்டில் 20 என்றால் 20 முதல் 24 வரை எதுவும். நீங்கள் தேடும் இணையதளமோ 1841இலிருந்து 20ஐக் கழித்து 1821 என்று போட்டுவிடும். உண்மையில் 1816 நடுப்பகுதியிலிருந்து 1821 நடுப்பகுதிவரை எப்போதும் பிறந்திருக்கலாம். மற்ற ஆண்டுகளிலும் இதே வகைப் பிழை சிறிய அளவில் உண்டு. கணக்கெடுப்பு மார்ச் கடைசியிலோ ஏப்ரல் தொடக்கத்திலோ நடப்பதால், 1851இல் 40 வயது என்பவர் 1810 மார்ச் கடைசியிலிருந்து 1811 மார்ச் கடைசிக்குள் பிறந்தவர். அந்த ஓராண்டில் ஒன்பது மாதம் 1810இல் விழுகிறது. தளம் காட்டும் 1811ஐவிட 1810க்கே வாய்ப்பு மூன்று மடங்கு. இன்னொன்று, 1841க்கும் 1851க்கும் இடையில் முழுப் பத்தாண்டு இல்லை, இரண்டு மாதத்துக்கு மேல் குறைகிறது. ஏப்ரல், மே மாதங்களில் பிறந்த குழந்தைக்கு ஒன்பது வயதுதான் கூடியிருக்கும். இதைப் பார்த்து ஆள் வேறு என்று தள்ளிவிடுகிறவர்கள் உண்டு. வளர்ந்தவர்கள் விஷயத்தில் இரண்டு மூன்று வயது முன்பின் போவதைப் பொருட்படுத்தாதீர்கள். கணவனைவிட மூத்த மனைவிக்கு ஒவ்வொரு கணக்கெடுப்பிலும் எட்டு வயதுதான் கூடும்.

பிறந்த ஊர். 1841இல் ‘இதே கவுண்டியில் (நம் மாவட்டம் போன்றது) பிறந்தவரா’ என்பதற்கு ஆம், இல்லை மட்டும். ஸ்காட்லாந்து, அயர்லாந்து, வெளிநாடு என்பதற்கு ஒவ்வோர் எழுத்து. 1851 முதல் கவுண்டியும் பாரிஷும் (ஒரு தேவாலயத்துக்கு உட்பட்ட ஊர்ப்பகுதி) எழுதினார்கள். ஒரே ஆள் ஒவ்வோர் ஏட்டிலும் வேறு ஊர் சொல்வார். பக்கத்து ஊரில் குடியிருக்கும்போது தன் குக்கிராமத்தின் பெயரைச் சொல்கிறவர், நூறு மைல் தள்ளிப் போனதும் ‘மான்செஸ்டர்’ என்பார். நாமும் சென்னையில் ‘திருநெல்வேலிப் பக்கம்’ என்று சொல்லி நிறுத்துகிறோமே, அதுபோல. கைக்குழந்தையாக இடம் மாறியவர் வளர்ந்த ஊரையே பிறந்த ஊர் என்று நம்பியிருப்பார். ஏழைகளுக்கு வேறு பயமும் இருந்தது: வெளியூரில் பிறந்தவர் என்று தெரிந்தால் உதவி கேட்கும்போது சொந்த பாரிஷுக்குத் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று. அதனால் ‘இங்கேயேதான் பிறந்தேன்’ என்றவர்கள் உண்டு. என் கணிப்பில், பெற்றோர் வீட்டில் சின்னக் குழந்தையாக இருக்கும்போது பதிவான ஊருக்கே எடை அதிகம். சொன்னவர் அந்தப் பிறப்பை நேரில் கண்ட அம்மாவோ அப்பாவோ. ‘அயர்லாந்து’ என்று மட்டும் இருந்தால் மேற்கொண்டு இந்த ஏடுகள் உதவா. ஐரிஷ் பக்கம் 1901, 1911 ஏடுகள் முழுமையாக, இலவசமாக இணையத்தில் இருக்கின்றன. அதற்கு முந்தையவை சில சிதறல்கள் தவிர அழிந்துபோயின.

உறவுமுறை 1841இல் கிடையாது. ஒரே வீட்டில் நாற்பது வயது ஆணும் முப்பத்தைந்து வயதுப் பெண்ணும் இருந்தால் கணவன் மனைவி என்று நாம் எழுதிவிடுவோம். அண்ணன் தங்கையாகவும் இருக்கலாம். பெயர்களுக்கு முன்னால் ஒற்றைச் சாய்கோடு இருந்தால் ஒரு குடும்பம் முடிந்தது, இரட்டைச் சாய்கோடு என்றால் வீடே முடிந்தது. பெரும்பாலான புத்தகங்கள் பென்சிலில் எழுதியவை, மங்கலான பக்கங்களில் இந்தக் கோடு கண்ணுக்குத் தப்பும். 1851 முதல் உறவு எழுதியிருக்கும், ஆனால் சொற்களின் பொருள் இன்றுள்ளதல்ல. ‘சன்-இன்-லா’ என்று ஏழு வயதுப் பையனுக்கு எழுதியிருந்தால் அவன் மருமகன் அல்ல, மனைவியின் முதல் கல்யாணத்து மகன். அந்தப் பையனின் குடும்பப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘மேற்படி’ குறி போட்டுவிட்டால், அவன் மாற்றாந்தகப்பன் பெயரில் ஏறிவிடுவான். அடுத்த ஏட்டில் சொந்தப் பெயருக்குத் திரும்புவான். உங்கள் வில்லியம் 1861இல் டெய்லராகவும் 1871இல் வேறு யாராகவும் இருந்தால் ஜேம்ஸ் இறந்து விதவை மறுமணம் செய்திருக்கலாம். நாற்பத்தெட்டு வயதுத் தாய்க்கு இரண்டு வயது ‘மகள்’ இருந்து, அதே வீட்டில் இருபது வயது மணமாகாத அக்காவும் இருந்தால் பிறப்புப் பதிவைப் பார்க்காமல் வம்ச மரத்தில் ஏற்றாதீர்கள்.

ஆள் கிடைக்கவே இல்லை என்றால் பெரும்பாலும் அவர் இருக்கிறார், அட்டவணை மறைக்கிறது. குடும்பப் பெயரை அடியோடு விட்டுவிடுங்கள். முதற்பெயர், வயதில் இரண்டு முன்பின், பிறந்த பாரிஷ் மட்டும் கொடுத்துத் தேடுங்கள். வீட்டில் அரிதான பெயர் யாருக்கு என்று பாருங்கள்: வில்லியத்தைத் தேடுவதைவிட அவருடைய தங்கை கெசாயாவைத் தேடுவது ஆயிரம் மடங்கு சுலபம். பெயரின் நடுவே ஐயமான எழுத்துக்குக் கேள்விக்குறியும், வாலுக்கு நட்சத்திரக்குறியும் போடலாம். அந்தக் கையெழுத்தில் எஸ், எல், டி ஆகிய பேரெழுத்துகள் ஒன்றுபோல் இருக்கும். இரட்டை எஸ்ஸில் முதலாவது நீளமாக இழுத்திருப்பதால் ‘ராஸ்’ என்ற பெயர் ‘ராப்’ என்று ஏறியிருக்கும். செல்லப் பெயர்களையும் சோதியுங்கள்: மேரி பாலியாக, ஹென்றி ஹாரியாக, மார்கரெட் பெக்கியாக, எலன் நெல்லியாக, ஜான் ஜாக்காக வருவார்கள். ஆன்செஸ்ட்ரி, ஃபைன்ட்மைபாஸ்ட், ஃப்ரீசென் ஆகியவை ஒரே ஏட்டைத் தனித்தனியாகப் படித்து எழுதியவை, ஒன்றில் கெட்ட பெயர் இன்னொன்றில் சரியாக இருக்கும். 1881ஆம் ஆண்டு முழுவதும் தன்னார்வலர்கள் கவனமாக எழுதியது, ஃபேமிலிசர்ச்சில் இலவசம். பழகுவதற்கு அங்கிருந்து தொடங்குங்கள். அப்படியும் இல்லையென்றால் ஒரு குழந்தையின் பிறப்புச் சான்றிதழை வாங்கி, அதிலுள்ள தெருவை ஏட்டில் வீடுவீடாகப் புரட்ட வேண்டியதுதான். லங்காஷயர் என்பதால் ஒரு தகவல்: 1851இன் மான்செஸ்டர் பகுதிப் புத்தகங்கள் பல தண்ணீரில் ஊறி நாசமாயின. உள்ளூர்க் குடும்ப வரலாற்றுச் சங்கத்தார் ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்து பெரும்பகுதியைப் படித்தெடுத்திருக்கிறார்கள். அது பெரிய தளங்களின் சாதாரணத் தேடலில் வராமல் போகலாம், தனியாகத் தேடுங்கள்.

வில்லியத்தோடு நிற்காமல் இங்கிலாந்திலேயே தங்கிவிட்ட அவருடைய கூடப் பிறந்தவர்களை 1911வரை கொண்டுபோங்கள். அந்த ஆண்டு முதல் வீட்டார் நிரப்பிய படிவமே கிடைக்கிறது, கையெழுத்து அவர்களுடையது. மணமான பெண்கள் எத்தனை ஆண்டு மணவாழ்க்கை, உயிரோடு பிறந்த குழந்தைகள் எத்தனை, இருப்பவை எத்தனை, இறந்தவை எத்தனை என்று எழுத வேண்டும். விதவைகள் எழுதத் தேவையில்லை. ஆனால் பலர் எழுதினார்கள், எழுத்தர் அடித்தார், அடித்தது இன்றும் படிக்க முடிகிறது. உங்களவர் ரயில்வேக்கு முன்னால் படையில் இருந்தவர் என்றால், வெளிநாட்டில் இருந்த பிரிட்டிஷ் படையினரும் குடும்பங்களும் பெயர் பெயராக எண்ணப்பட்டதும் 1911இல்தான். பழைய தோழர்களோ மகன்களோ அதில் அகப்படலாம். 1921இல் வயது ஆண்டும் மாதமுமாக, முதலாளியின் பெயரோடு வருகிறது. நூறாண்டு மூடல் விதி இருப்பதால் அதுவே இப்போதைக்குக் கடைசி. 1931 ஏடுகள் 1942 டிசம்பரில் ஹேய்ஸ் என்ற இடத்தில் தீயில் எரிந்தன, போரால் 1941இல் எண்ணவே இல்லை. இடையை நிரப்ப 1939 செப்டம்பர் 29 தேதியிட்ட பதிவேடு இருக்கிறது, பிறந்த தேதியோடு. அடுத்தது 1951 ஏடு, 2052இல்தான் திறக்கும்.

எதைக் கண்டாலும் தளத்தின் முகவரியைக் குறித்து வைக்காதீர்கள், அது மாறிவிடும். ஏட்டின் எண்ணைக் குறியுங்கள். 1841, 1851க்கு ஹெச்.ஓ. 107, 1861 முதல் 1921வரை வரிசையாக ஆர்.ஜி. 9 முதல் ஆர்.ஜி. 15. அதன் பிறகு கட்டு எண், ஃபோலியோ எண் (தாளின் எண்), பக்க எண். ஃபோலியோ எண் தாளின் முன்பக்கத்தில், வலது மேல் மூலையில் மட்டும் முத்திரையாக இருக்கும். உங்கள் குடும்பம் பின்பக்கத்தில் இருந்தால் படத்தை ஒன்று பின்னால் நகர்த்தி எண்ணைப் பார்த்து, ‘பின்பக்கம்’ என்று சேர்த்து எழுதுங்கள். 1911இலும் 1921இலும் ஃபோலியோ கிடையாது. அங்கே கட்டு எண்ணோடு படிவத்தின் எண்ணை எழுதினால் போதும்.